இரண்டு துளைகள், மூன்று மின்தடையங்கள்

பழைய கிடார் ஆம்ப் ஒன்றின் முகப்பைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்கும்: ஒரு சேனலுக்கு ஏன் இரண்டு ஜாக்? கிடார் ஒன்றுதான், அதிலிருந்து வரும் கேபிளும் ஒன்றுதான். 1 என்று எண்ணிட்ட துளையில் செருகினால் ஒலி கணீரென்று வருகிறது. அதே கேபிளை எடுத்து 2 என்ற துளையில் செருகினால் ஒலி தணிகிறது. அதோடு கொஞ்சம் மங்கியும் போகிறது. இரண்டிலும் எதையும் செருகாமல் வால்யூமைக் கூட்டினால், லேசான இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால் புதிர் இன்னும் கூடும். ஒலியைக் குறைக்கத் தனிச் சுற்று ஏதும் அங்கே இல்லை. இரண்டு ஜாக்குகளுக்கும் பொதுவாக மூன்றே மின்தடையங்கள்: 68 கிலோ ஓம் அளவில் இரண்டு, 1 மெகா ஓம் அளவில் ஒன்று. பிறகு சில துண்டுக் கம்பிகள். இவ்வளவு சிறிய சாமான்களை வைத்து இத்தனை வேலை எப்படி நடக்கிறது? இது புரியாமல் பலர் அந்தக் கம்பிகளை மாற்றிப் போடுகிறார்கள். பிறகு, ஆம்ப்பின் பழைய ஒலி எங்கே போயிற்று என்று தேடுகிறார்கள்.

கலிஃபோர்னியாவிலிருந்து லண்டனுக்கு

எடுத்துக்காட்டாக ஒரு புகழ்பெற்ற ஆம்ப்பை வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபெண்டர் நிறுவனம் 1950களின் இறுதியில் செய்த பாஸ்மேன், மாடல் எண் 5எஃப்6-ஏ. பாஸ் கிடாருக்கென்று செய்யப்பட்டாலும் சாதாரண கிடார் வாசிப்பவர்களே இதை அதிகம் கொண்டாடினார்கள். இதில் இரண்டு சேனல்கள், சேனலுக்கு இரண்டாக நான்கு ஜாக்குகள். 1962இல் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து இந்தச் சுற்றை அடிப்படையாக வைத்தே ஜேடிஎம்45 என்ற தம் முதல் ஆம்ப்பை உருவாக்கினார். வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் மாறின. ஆனால் உள்ளீட்டில் இருந்த 68 கிலோ ஓம் ஜோடியும் 1 மெகா ஓமும் அப்படியே கடல் தாண்டிப் போயின. ராக் இசையின் பொற்காலத்தில் ஒலித்த ஏராளமான ஆம்ப்களின் வாசலில் இந்த மூன்று மின்தடையங்களே நின்றன.

அந்தக் காலத்தில் ஒரு ஆம்ப் பெருஞ்செலவு. ஒரு குழுவில் இரண்டு மூன்று பேர் ஒன்றையே பகிர்ந்துகொள்வார்கள். பாடுபவரின் மைக்கைக்கூட அதிலேயே செருகுவதுண்டு. ஃபெண்டரின் சில மாடல்களில் ஜாக்குகளுக்கு மேலே 'மைக்' என்றே எழுதியிருக்கும். சில கருவிகளின் சமிக்ஞை வலுவாக இருக்கும், சிலவற்றினது மெலிந்திருக்கும். ஆகவே வடிவமைத்தவர்களுக்கு மூன்று தேவைகள்: இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும், வலுவான சமிக்ஞையைப் பாதியாக்கி வாங்க ஒரு வழி வேண்டும், யாரும் வாசிக்காதபோது ஆம்ப் அமைதியாக இருக்க வேண்டும்.

ஜாக்கின் உள்ளே

கிடார் கேபிளின் 6.35 மில்லிமீட்டர் பிளக், 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களில் பிறந்தது. பிளக்கின் நுனி சமிக்ஞையைக் கொண்டுவரும். அதன் உடல் எர்த்தோடு சேரும். ஜாக்கின் உள்ளே வளைந்த தகடு ஒன்று நுனியைப் பிடித்துக்கொள்ளும். இதை வில்தகடு என்போம்.

பழைய ஆம்ப்களின் ஜாக்கில் இன்னொரு தகடும் உண்டு. பிளக் இல்லாதபோது வில்தகடு போய் அதன்மேல் சாய்ந்திருக்கும். பிளக் நுழைந்ததும் வில்தகடு தள்ளப்பட்டு அதிலிருந்து விலகும். இந்த இரண்டாவது தகட்டைத் தொடுதகடு எனலாம். பிளக்கைச் செருகும் செயலே ஒரு சுவிட்சைத் திருப்பிவிடுகிறது. தொலைபேசி இணைப்பகத்திலும் இதே ஏற்பாடு இருந்தது.

ஃபெண்டர் சுற்றில் இந்தத் தகடுகள் இணைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஜாக் 1இன் தொடுதகடு எர்த்துக்குப் போகிறது. ஜாக் 2இன் தொடுதகடு ஜாக் 1இன் வில்தகட்டுக்குப் போகிறது. ஒவ்வொரு வில்தகட்டிலிருந்தும் ஒரு 68 கிலோ ஓம் மின்தடையம் கிளம்பி, இரண்டும் முதல் வால்வின் கிரிட் முனையில் சந்திக்கின்றன. வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் கம்பிவலைதான் கிரிட். 1 மெகா ஓம் மின்தடையம் ஜாக் 1இன் வில்தகட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே இருக்கிறது.

இனி ஒவ்வொரு நிலையாகப் பார்க்கலாம்.

எதையும் செருகாதபோது ஜாக் 1இன் வில்தகடு எர்த்தில் சாய்ந்திருக்கிறது. ஜாக் 2இன் வில்தகடும் அதனோடு சேர்ந்து எர்த்தாகிறது. கிரிட்டுக்கு எந்தச் சமிக்ஞையும் போகாது. அமைதி.

ஜாக் 1இல் செருகினால் எர்த் தொடர்பு அறுகிறது. கிடாரின் சமிக்ஞை ஒரு 68 கிலோ ஓம் வழியாகக் கிரிட்டுக்குப் போகிறது. ஜாக் 2 காலியாக இருப்பதால், அதன் தொடுதகடு வழியாக இரண்டாவது 68 கிலோ ஓமும் பக்கத்தில் வந்து சேர்கிறது. இணையாக நிற்கும் இரண்டும் சேர்ந்து 34 கிலோ ஓம் ஆகின்றன. கிரிட் நடைமுறையில் மின்னோட்டம் எதையும் உறிஞ்சுவதில்லை. அதனால் மின்னழுத்தத்தில் இழப்பில்லை. சமிக்ஞை முழுசாகப் போகிறது.

ஜாக் 2இல் மட்டும் செருகினால் நடப்பதுதான் இந்தச் சுற்றின் நேர்த்தி. ஜாக் 2இன் வில்தகடு விலகிவிட்டது. ஜாக் 1 காலி. ஆகவே அதன் வில்தகடு எர்த்தில் இருக்கிறது. சமிக்ஞை ஒரு 68 கிலோ ஓம் வழியாகக் கிரிட்டுக்கு வருகிறது. அங்கிருந்து மற்றொரு 68 கிலோ ஓம் நேராக எர்த்துக்கு இறங்குகிறது. இரண்டும் சம அளவு என்பதால், அவை சந்திக்கும் புள்ளியில் கிடைப்பது சரிபாதி மின்னழுத்தம். மின்னழுத்தப் பகுப்பான் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். ஒரு நிமிடம் முன்பு சமிக்ஞைக்குத் துணையாக நின்ற மின்தடையம், பிளக்கின் இடம் மாறியதும் அதைப் பாதியாக்குகிறது. பாதி மின்னழுத்தம் என்பது 6 டெசிபெல் குறைவு.

இரண்டிலும் செருகினால், இரண்டு கிடார்களும் தத்தம் 68 கிலோ ஓம் வழியாக வந்து கிரிட்டில் கலக்கின்றன. அந்த மின்தடையங்கள் இல்லாவிட்டால், ஒருவர் தம் கிடாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருகியதுமே மற்றவரின் சமிக்ஞையும் எர்த்தில் போய் மடியும்.

ஒலி ஏன் மங்குகிறது?

சமிக்ஞை பாதியாவது புரிந்துவிட்டது. ஜாக் 2இல் ஒலி மங்குவது ஏன்? விடை கிடாருக்குள் இருக்கிறது. ஸ்ட்ராடோகாஸ்டர் போன்ற கிடாரின் பிக்கப்பில் காந்தங்களைச் சுற்றி ஏறத்தாழ 8,000 சுற்று மெல்லிய செம்புக்கம்பி இருக்கிறது. மல்டிமீட்டரில் அதன் மின்தடை சுமார் 6 கிலோ ஓம்தான். ஆனால் சுருள் என்பதால், அதிர்வெண் ஏற ஏற அது காட்டும் மறுப்பும் ஏறும். மாறுமின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் இந்த மொத்த எதிர்ப்பை மின்மறுப்பு என்கிறோம். கிடாரின் கணீர் ஒலி இருக்கும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பிக்கப்பின் மின்மறுப்பு 60 கிலோ ஓம் அளவுக்கு ஏறியிருக்கும்.

பிக்கப் என்பது மெதுவாகச் சுரக்கும் கிணறு மாதிரி. குடத்தால் மொண்டால் நீர்மட்டம் இறங்காது. மோட்டார் வைத்து இழுத்தால், ஊற்று ஈடுகொடுக்க முடியாமல் மட்டம் இறங்கிவிடும். ஜாக் 1இல் கிடாருக்கு எதிரே இருப்பது 1 மெகா ஓம். அது மிகக் கொஞ்சம் மின்னோட்டத்தையே இழுக்கும். ஜாக் 2இல் எதிரே இருப்பது 68ம் 68ம் தொடராகச் சேர்ந்த 136 கிலோ ஓம். இழுப்பு ஏழு மடங்குக்கும் மேல். தாழ்ந்த சுரங்களில் ஊற்று வேகமாகச் சுரப்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது. உயர்ந்த அதிர்வெண்களில் ஊற்றே மெலிந்திருப்பதால் அங்கேதான் மட்டம் இறங்குகிறது. மேலும் பிக்கப்பின் சுருளும் கேபிளின் மின்தேக்குதிறனும் சேர்ந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொள்ளும். கிடார் ஒலியின் பளபளப்பு அந்த மேட்டிலிருந்து வருவது. 136 கிலோ ஓம் அந்த மேட்டைத் தட்டையாக்குகிறது. கிடாருக்குள் ஏற்கெனவே 250 கிலோ ஓம் குமிழ்கள் இருப்பதால் மாற்றம் பிரமாண்டமாக இராது. ஆனால் காதுக்குத் தெரியும்.

இது உண்மைதானா, வெறும் பிரமையா? நியாயமான சந்தேகம்தான். ஒலி குறைந்தாலே நம் காதுக்குக் கூர்மையும் குறைந்ததாகத் தோன்றும். இதைப் பிரித்தறிய இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, ஜாக் 2இல் செருகிய பின் ஆம்ப்பின் வால்யூமைக் கூட்டி, ஜாக் 1இல் கேட்ட அளவுக்குக் கொண்டுவருவது. அப்போதும் மங்கல் நீங்காது. ஆகவே காரணம் ஒலியளவு மட்டும் இல்லை. இரண்டாவது சோதனை இன்னும் தீர்மானமானது. கிடாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே பஃபர் எனப்படும் சிறிய மின்னணுச் சுற்றை வையுங்கள். பல பெடல்களுக்குள் இது இருக்கிறது. பிக்கப்பிலிருந்து மிகக் கொஞ்சமாக வாங்கி, எவ்வளவு இழுத்தாலும் தளராமல் கொடுப்பது அதன் வேலை. பஃபரை வைத்து ஜாக் 2இல் செருகினால் ஒலி பாதியாகும், மங்காது. ஆக, மங்கலுக்குக் காரணம் பிக்கப்பின்மேல் விழும் சுமை என்பது உறுதியாகிறது.

வானொலியும் இரைச்சலும்

68 கிலோ ஓமுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. நீளமான கிடார் கேபிள் வானொலி அலைகளையும் பிடிக்கும். அவை கிரிட்டை எட்டினால் பாட்டின் நடுவே செய்தி அறிக்கை கேட்கும்.

வால்வில் கிரிட்டுக்கும் நேர்மின்வாய்த் தகட்டுக்கும் நடுவே மிகச் சிறிய மின்தேக்குதிறன் இருக்கிறது. கிடார் ஆம்ப்களில் மிகப் பரவலான 12ஏஎக்ஸ்7 வால்வில் இது 1.7 பிக்கோஃபேரட். கிரிட்டில் மின்னழுத்தம் ஏறும்போது தகட்டில் அது சுமார் 60 மடங்கு எதிர்த்திசையில் இறங்குவதால், கிரிட் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தச் சிறு மின்தேக்கி 100 பிக்கோஃபேரட் அளவுக்குப் பெரிதாகத் தோன்றும். 1920இல் இதை விளக்கி எழுதிய ஜான் மில்லரின் பெயரால் இது மில்லர் விளைவு எனப்படுகிறது. இணையாக நிற்கும் 34 கிலோ ஓமும் இந்த 100 பிக்கோஃபேரட்டும் சேர்ந்து, ஏறத்தாழ 47,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதையெல்லாம் தணிக்கும் வடிகட்டியாகின்றன. மனிதச் செவியின் எல்லை 20,000. மத்திய அலை வானொலி 5 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குகிறது. இசை தப்பிவிடும், வானொலி தப்பாது.

ஆனால் எந்த மின்தடையமும் இரைச்சலையும் கூடவே தரும். அதற்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் தாறுமாறாக அலைவதால் எழும் இரைச்சல் இது. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் இதை அளந்தார், நைக்விஸ்ட் கணக்கால் விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. மின்தடை பாதியானால் இந்த இரைச்சல் ஏறத்தாழ 70 சதவீதமாகக் குறையும். ஜாக் 1இல் இரண்டு மின்தடையங்களும் இணையாக நிற்பதன் லாபம் இது. ஜாக் 2இல் நிலைமை வேறு. அங்கே கிரிட் உணரும் மின்தடையும் ஏறக்குறைய 34 கிலோ ஓம்தான். இரைச்சல் அப்படியே இருக்க, சமிக்ஞை மட்டும் பாதியாகிறது.

பழைய கார்பன் மின்தடையங்களை எடுத்துவிட்டு மெட்டல் ஃபிலிம் வைத்தால் இந்த இடத்தில் இரைச்சல் குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். கார்பன் வகை கூடுதலாக இரைவது, அதன் வழியே நேர்மின்னோட்டம் பாயும்போதுதான். கிரிட்டுக்கு முன்னால் அப்படிப் பாய்வது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வெப்ப இரைச்சலோ எல்லா வகைக்கும் ஒன்றே. மின்தடையத்தின் மதிப்பு சரியாக இருந்தால் மாற்றுவதில் பயனில்லை.

கம்பியை மாற்றினால் என்ன ஆகும்?

மார்ஷல் வாசிப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கிடாரை முதல் சேனலின் ஜாக் 1இல் செருகுவார்கள். அதே சேனலின் ஜாக் 2இலிருந்து குட்டிக் கேபிள் ஒன்றை இரண்டாம் சேனலின் ஜாக் 1க்கு இழுப்பார்கள். ஒரு சேனல் கூர்மையானது, மற்றது கனமானது. இரண்டையும் வேண்டிய அளவில் கலந்துகொள்ளலாம். இதையே உள்ளே ஒரு கம்பியால் நிரந்தரமாக இணைத்துவிட்டால் கேபிள் மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒலி மாறிவிடும்.

கேபிள் வழியாகப் போகும்போது, சமிக்ஞை முதல் சேனலின் இரண்டு 68 கிலோ ஓம்களையும் கடந்து, பிறகு இரண்டாம் சேனலின் 34 கிலோ ஓமையும் தாண்டித்தான் அங்குள்ள கிரிட்டை அடைகிறது. மொத்தம் 170 கிலோ ஓம். மில்லர் விளைவோடு சேர்ந்து வடிகட்டியின் எல்லை 9,000 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும்; குட்டிக் கேபிளின் மின்தேக்குதிறன் அதை இன்னும் கொஞ்சம் கீழே இழுக்கும். சமிக்ஞையும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும். கனமான சேனல் மேலும் மென்மையாவது இதனால்தான். உள்ளே இரண்டாம் சேனலின் ஜாக் 1இல் தொடுதகட்டின் எர்த் இணைப்பை எடுத்துவிட்டு, இரு சேனல்களின் ஜாக் 1 வில்தகடுகளையும் நேர்க்கம்பியால் இணைத்தால், முதல் சேனலின் இந்த 136 கிலோ ஓம் வழியிலேயே வராது. இரண்டாம் சேனல் கூர்மையாகிவிடும். பழைய ஒலிதான் வேண்டுமென்றால், அந்தக் கம்பிக்குப் பதிலாக 120 முதல் 150 கிலோ ஓமுக்குள் ஒரு மின்தடையத்தை வைப்பது நல்லது. இரு சேனல்களையும் இருவர் பகிர்ந்து வாசிக்கும்போதும் அது காவலாக நிற்கும்.

எல்லா ஆம்ப்பும் இதற்குப் பொருந்தாது. பாஸ்மேனிலும் அந்த வழிவந்த மார்ஷலிலும் இரு சேனல்களும் சமமான எண்ணிக்கையில் வால்வு நிலைகளைக் கடந்த பிறகே கலக்கின்றன. 1960களின் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப்பில் எதிரொலி உள்ள சேனலுக்கு ஒரு நிலை கூடுதல். ஒவ்வொரு நிலையும் சமிக்ஞையைத் தலைகீழாக்குவதால், இரு சேனல்களும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழிக்கும். அங்கே இணைத்தால் ஒலி மெலியும்.

ஒரே ஜாக் போதும் என்று இரண்டாவதைக் கழற்றுபவர்களும் உண்டு. அப்போது ஒற்றை 68 கிலோ ஓம் மட்டும் மிஞ்சினால் இரைச்சல் சற்றுக் கூடும். அதற்குப் பதில் 33 கிலோ ஓம் வைத்தால் பழைய ஜாக் 1இன் தன்மை காப்பாற்றப்படும். தொடுதகட்டின் எர்த் இணைப்பையும் விட்டுவிடக் கூடாது. விட்டால், கேபிளைப் பிடுங்கியதும் ஆம்ப் உறுமத் தொடங்கும்.

அளந்து அறிவது

பழைய ஆம்ப்களில் வரும் உள்ளீட்டுக் கோளாறுகளில் பல, தொடுதகட்டில் படிந்த கறையால் வருபவை. இதைக் கண்டுபிடிக்க ஒரு கேபிளும் மல்டிமீட்டரும் போதும். ஆம்ப்பை அணைத்து, மின்கம்பியையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். கேபிளின் ஒரு முனையை ஜாக்கில் செருகி, மறுமுனையின் நுனிக்கும் உடலுக்கும் நடுவே மின்தடையை அளக்க வேண்டும். ஜாக் 1இல் 1 மெகா ஓம், ஜாக் 2இல் 136 கிலோ ஓம் வர வேண்டும். பழைய கார்பன் மின்தடையங்கள் வயதாக ஆகக் கூடுவது இயல்பு. பத்து சதவீதம் மேலே காட்டினால் கவலை வேண்டாம்.

ஜாக் 2இல் 136க்குப் பதிலாக 1.1 மெகா ஓமுக்கு மேல் காட்டினால், ஜாக் 1இன் தொடுதகடு எர்த்தைத் தொடவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட ஆம்ப்பில் இரண்டு ஜாக்கும் ஒரே மாதிரி ஒலிக்கும். எதுவும் செருகாதபோது உறுமலும் இருக்கும். உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்காதீர்கள். தகட்டின் மேற்பூச்சு போய்விடும். மின்தொடர்புகளைத் துடைக்கும் திரவத்தில் நனைத்த காகிதத்தை இரு தகடுகளுக்கும் நடுவே வைத்து மெல்ல இழுத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

உள்ளே கைவைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. வால்வு ஆம்ப்பின் மின்தேக்கிகளில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உயிரைப் பறிக்க வல்லது. தகுந்த மின்தடையத்தின் வழியே அதை வடித்து, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே தொட வேண்டும். இதில் பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே முறை. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: ஜாக்கின் உடல் ஆம்ப்பின் சேசிஸோடு சேர்ந்தது, கேபிள் வழியாக அது கிடாரின் கம்பிகளையும், கம்பிகள் வாசிப்பவரின் விரல்களையும் வந்து தொடுகின்றன. 1972இல் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். இரண்டு முள் பிளக்கோடு வந்த பழைய ஆம்ப் உங்களிடம் இருந்தால், ஜாக்கை மாற்றும் முன் மூன்று முள் பிளக்கும் சரியான எர்த்தும் போடச் செய்யுங்கள்.

பிறகு ஜாக்குகளுக்கு வாருங்கள். இருக்கும் இணைப்பைப் படமெடுத்து, தாளிலும் வரைந்துகொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு உறையில் போட்டு ஆம்ப்புக்குள்ளேயே வையுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்கு உதவும். 1 மெகா ஓமும் 136 கிலோ ஓமும் சரியாக வந்து, கிரிட் வரையான 34 கிலோ ஓமும் சரியாக இருந்தால், அந்த உள்ளீடு தன் வேலையைச் செய்கிறது. ஒலியில் குறையிருந்தால் காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள். அந்த மூன்று மின்தடையங்களை அப்படியே விட்டுவிடுங்கள்.